மிச்சம் வைத்த நான்கு மாத்திரைகள்

வியாழக்கிழமை

அம்மாவின் விரலுக்கு ஒன்றும் ஆகாது என்று இன்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

போன மாதம் தறியில் விரல் கிழிந்து சீழ் வைத்தபோது ஐந்து நாளைக்கு, தினம் இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியதும் நிறுத்தச் சொன்னது நான்தான். மிச்சம் நான்கையும் ஊசி டப்பாவில் எடுத்து வைத்தேன். மறுபடி வீங்கியபோது அதையே கொடுத்தேன். வீக்கம் கூடியதுதான் மிச்சம். விரலை எடுக்க வேண்டிவருமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

சீழ் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார். “பாதியில மாத்திரைய நிறுத்துனது யாரு?”

“நாந்தான் மறந்துட்டேன்,” என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

வெளியாட்களிடம் எனக்குப் பேச்சே வராது. இன்று எப்படியோ வந்தது. “நான்தான் நிறுத்தச் சொன்னேன். மிச்சத்தைப் பிறகு குடுத்தேன்.”

அவர் திட்டவில்லை. “அந்த மருந்து கிருமியோட சுவரை உடைக்கும். ஆனா மருந்தையே வெட்டிப்போடுத கிருமியும் சிலது இருக்கும். மத்தது செத்தா அது பெருகிரும். வேற மருந்துக்கு அது அடங்கிரும், பயப்படாத. மறைக்காமச் சொன்னியே, அது போதும்.”

பஸ்ஸில் அம்மா சிரித்தாள். “ஏட்டி, உனக்காகப் பொய் சொன்னா நீ என்னையே மாட்டிவிடுத?”

புது மாத்திரை ஏழு நாளைக்கு. முதல் மாத்திரையை நான் நீட்டியதும் எதுவும் கேட்காமல் வாங்கி விழுங்கினாள்.