ஆறு மணி டியூஷன் இனி உங்களுடையது

என்னங்க,

எம்.எஸ்ஸி. கணித மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன், இன்றே ஆரம்பம். நீங்கள் எனக்காகத் தேர்ந்தெடுத்த எம்.எட். அல்ல. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வருவார்கள். “எட்டாங்கிளாசுக்கு உனக்குத் தெரிஞ்ச கணக்கே போதும், அதை யார் வேணாலும் நடத்தலாம்” என்று நேற்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நடத்துங்கள். சாக்பீஸ் டிவிக்குப் பின்னால்.

கோபத்தில் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

பி.கு.: ரெட்டைச் சடைக்காரி, “மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் சார் பிளஸ் வருது?” என்று கேட்பாள். “அது அப்படித்தான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் ஏன் எம்.எட்.தான் படிக்க வேண்டும் என்று கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் அது. அவளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.