மகளின் காணியில் இறங்கிய வாத்துகள்

தை மாதம், சனிக்கிழமை இரவு

இன்று காலையில் வாவிக்கரைக்குப் போயிருக்கக் கூடாது. கிரவல் மண் ஏற்றிய டிப்பர் லொறி வருமென்று எனக்குத் தெரியும். ஆனால் பாண்டிருப்பிலிருந்து ரவி வந்து வாசலில் நின்றார். மாரி வந்தால் சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் பறவை பார்க்கப் போவோம். என்ன சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவது?

கரையோரப் பள்ளக் காணியில் மழைத்தண்ணீர் நின்றது. அதில் ஊசிவால் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்த வருடம் அவை வராது என்றே நினைத்திருந்தோம். ரவி பைனாகுலரை என்னிடம் நீட்டுவதற்குள் டிப்பர் வந்து கிரவலைக் கொட்டியது. ஒன்று விடாமல் எல்லாம் எழும்பிப் பறந்துவிட்டன.

"இது ஆர்ர காணி?" என்று ரவி கேட்டார்.

"என்ட மகள்ட. அவக்கு ஊடு கட்டத்தான் நிரப்புறம்."

அவர் பைனாகுலரை உறைக்குள் வைத்தார். பிறகு, "பிள்ளைக்குக் கலியாணம் எப்ப?" என்றார்.

"நோன்புப் பெருநாள் கழிய."

"நல்லது."

அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வழக்கமாக எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். இன்று வேலை இருக்கிறதென்று நேரே போய்விட்டார்.

எங்களுக்கு வேறு காணி இல்லை. எங்கள் ஊரில் வீடு கொடுக்காமல் மகளைக் கட்டிக்கொடுக்கவும் முடியாது.

இராச்சாப்பாட்டின்போது அவளிடம் வாத்துகளைப் பற்றிச் சொன்னேன்.

"ஊட்டக் கட்டினாப் பொறகு சோறாக்கக்குள்ள குசினி ஜன்னலால பாக்கலாம்தானே வாப்பா?" என்றாள்.

"ஓம் மகள்" என்றேன்.

ஜன்னலை வாவிப் பக்கம் வைக்கும்படி மேசனிடம் சொல்லப்போகிறாளாம். அந்தப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் அடுத்த காணிக்கும் கிரவல் வரப்போவதை நான் அவளிடம் சொல்லவில்லை.