ஜூனியரின் வம்சாவளி

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

1. இதை எழுதுபவன் உன் தகப்பன். வழக்கறிஞர் தொழிலிலேயே தலை நரைத்தவன். வேலைக்காக நீ கடல் கடந்து போனபோது விட்டுச் சென்ற நாயின் காப்பாளன்.
2. மேற்படி நாய், நீ இட்ட பெயரால் ஜூனியர் என்று அழைக்கப்படுவது, நலம். காப்பாளனும் நலம்.
3. கீழ்க்காணும் விவரங்கள் நான் அறிந்தவரை உண்மை.

சிரித்திருப்பாய். இனி விஷயம்.

சென்ற வாரம் லிஃப்ட் கதவு திறந்ததும் ஜூனியர் குரைத்தான். வெளியே நின்ற மூன்றாம் மாடிப் பெண்மணி பதறிப் பின்வாங்கியதில் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். அவன் பல் அவர்மேல் படவேயில்லை. ஆயினும் குடியிருப்போர் சங்கச் செயலாளர், இவன் தடைசெய்யப்பட்ட சண்டைநாய் இனத்தின் கலப்பு என்று நகராட்சிக்குப் புகார் அனுப்பிவிட்டார். “அந்தத் தாடையைப் பாருங்க சார், நெஞ்சைப் பாருங்க” என்கிறார். அகன்ற நெஞ்சு குற்றமென்றால் அவரையும் அல்லவா வழக்கில் எதிரியாகச் சேர்க்க வேண்டும்.

விதி இதுதான்: அந்த இனத்தின் பங்கு இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் நாயைக் கருணைக்கொலைக்கு உட்படுத்த வேண்டும். வேறொருவருக்குக் கைமாற்றுவதும் குற்றம்.

ஆகவே டிஎன்ஏ சோதனைக்கு நானே முன்வந்தேன். உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் எழுதினேன்: ஆய்வுக்கூடம் அறிக்கையை நேராக நகராட்சிக்கு அனுப்பும், அம்முடிவே இறுதியானது, இரு தரப்பாரும் மறுசோதனையோ மேல்முறையீடோ சலுகையோ கோரக் கூடாது. நாளைக்குச் செயலாளர் “இன்னொரு தடவை பார்த்துடலாமே” என்று இழுக்க இடமிருக்கக் கூடாதல்லவா? அவரும் கையெழுத்திட்டார். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்தார்கள். ஜூனியர் அந்தக் குச்சியைத் தின்னப் பார்த்தான்.

கவலை வேண்டாம். இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் அப்பா


மார்ச் 11

அப்பா,

முதல் பத்தி வரைக்கும் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.

யாரைக் கேட்டு சோதனைக்குக் கொடுத்தீங்க? அவன் பஸ் டிப்போ வாசல்ல மழையில கிடந்தவன். அவன் அம்மா யாரு, அப்பா யாருன்னு நமக்கு என்ன தெரியும்? பதில் தெரியாத கேள்வியைச் சாட்சிகிட்ட கேட்காதேன்னு உங்க ஆபீஸ் ஜூனியர் பசங்களை எத்தனை தடவை கிழிச்சிருக்கீங்க? நாலு கால் ஜூனியர்னா மட்டும் கேட்கலாமா?

ஏதாவது பண்ணி நிறுத்துங்கப்பா. தப்பா எடுத்துக்காதீங்க, அவனை விட்டுட்டு வந்தது அவனுக்காக இல்ல. அம்மா போனப்புறம் நீங்க சாப்பாட்டு மேஜையில சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. அவன் வந்து முழங்கால்ல மூஞ்சியை வச்சா, அவனுக்குப் போடுற சாக்குல நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுவீங்கன்னு நினைச்சேன்.

உடம்பைப் பார்த்துக்கோங்க. அவனையும்.

உங்க பொண்ணு


மார்ச் 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அறிக்கை வந்துவிட்டது.

பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தெருநாய் வம்சம். அடுத்தது மேய்ச்சல் நாய். நம் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் அவன் ஒரே மூலைக்கு ஓட்டிச் செல்வது அதனால்தான் போலும். இன்னதென்று பிடிபடாதது கொஞ்சம். தடைசெய்யப்பட்ட இனம், இருபத்தாறு சதவீதம்.

நம் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். “ஒரு சதவீதமெல்லாம் இந்தச் சோதனையில ஒரு கணக்கா சார்? வேற லேப்ல கொடுத்தா இருபத்திரண்டுன்னு வரும். மறுசோதனை கேளுங்க” என்றார். கேட்க முடியாது என்றேன். “யார் சொன்னது?” என்றார். நான்தான் என்றேன். அவர் குனிந்து ஜூனியரின் காதைத் தடவினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய பத்திரத்தைப் படிப்பதுபோல் என் பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல் தளர்ந்திருந்தாலும் நுழைந்திருப்பேன். நான் எழுதியவற்றிலேயே ஓட்டையில்லாத பத்திரம் அதுதான்.

நகராட்சியின் உத்தரவு வந்துவிட்டது. நம் மருத்துவரே செய்ய அனுமதி பெற்றிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை.

நீ இரண்டு முறை அழைத்தாய். எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் கையெழுத்திட்டதற்கு மாறாக ஏதேனும் செய்துவிடுவேன் என்று பயம்.

அப்பா


மார்ச் 28

அப்பா,

இந்நேரம் முடிஞ்சிருக்கும்.

ராத்திரியோட ராத்திரியா அவனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு, கயிறு அறுந்து ஓடிட்டான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில ஒரே ஒரு பொய். உங்களால முடியல. சரி.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவன் தனியா இருந்தானா? அம்மாவுக்குக் கடைசி நேரத்துல நீங்க வெளியே பெஞ்சில உட்கார்ந்து ஆஸ்பத்திரிப் படிவம் நிரப்பிக்கிட்டிருந்தீங்க. அவனுக்கும் அப்படியா? உள்ளேதான் இருந்தேன்னு நீங்க எழுதினா நான் நம்பப் போறதில்ல. இருந்தாலும் கேட்கிறேன்.

அதுக்குப் பிறகு எழுத வேண்டாம்.


ஏப்ரல் 6

மகளுக்கு,

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: உள்ளே இருந்தேன்.

மேஜைமேல் ஏற அவன் மறுத்ததால் மருத்துவர் தரையிலேயே செய்தார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவன் தலை என் மடியில் இருந்தது. “பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க சார், பயப்படாம இருப்பான்” என்றார் மருத்துவர். நீதிமன்றத்தில் பேசிப் பிழைத்தவன் நான். அவனிடம், தினமும் காலை நடைக்குச் சொல்வதையே சொன்னேன்: “வாடா, போகலாம்.” மருந்து பாதி ஏறிய நிலையில் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

சங்கச் செயலாளரும் வந்து அறை வாசற்படியில் நின்றார். முடிந்த பின் அவர் சொன்னதைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆயினும் மறைக்க எனக்கு உரிமையில்லை.

“அந்தம்மா கை சரியாயிடுச்சு, புகாரை விட்டுடுங்கன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க சார். நானும் வாபஸ் வாங்கியிருப்பேன். புகார் இல்லேன்னா நகராட்சி ஃபைலை மூடியிருக்கும். நீங்க வந்து ஒரு வார்த்தை கேட்பீங்கன்னு பார்த்தோம். யாரும் எந்தச் சலுகையும் கேட்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க. வக்கீலாச்சே, நாமளா போய்ப் பேசினா அதுவும் தப்பாயிடுமோன்னு இருந்துட்டேன்.”

அவர் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

என் வார்த்தையை நம்ப மாட்டேன் என்று எழுதியிருந்தாய். உன் தாய் விஷயத்தில் நீ சொன்னது உண்மையாகையால், இதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆகவே அந்த அறையைக் கண்ட இருவரிடமும் இதைப் படித்துக் காட்டி ஒப்பம் பெற்றிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றாய். இதற்குப்பின் எழுத மாட்டேன்.

மேற்கண்டவை யாவும் உண்மை.

(ஒப்பம்)
அப்பா

சாட்சிகள்:
1. (ஒப்பம்) கால்நடை மருத்துவர். சார் கடைசிவரை உள்ளேதான் இருந்தார். அதன்பிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.
2. (ஒப்பம்) குடியிருப்போர் சங்கச் செயலாளர்.