ஒட்டகத்தின் சலூன்

ஜூன் 3, சனி

மகன் கப்பலேறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கல்யாணமாகி மூன்றே மாதம். இனி ஐந்து மாதத்திற்கு இந்த வீட்டில் நானும் மருமகளும்தான். நல்ல பெண். அதுதான் கவலையே. ஆறிப்போன காபியைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறாள்.

நான் சேர்த்து வைத்திருக்கும் படங்களிலிருந்து ஒன்றைக் கொடுத்தேன். மீனோடு சதுரங்கம் ஆடித் தோற்றுப்போகும் நீதிபதியின் கதை. மகன் பத்தாவது நிமிடத்தில் எழுந்து ஓடிய படம். இவள் முழுக்கப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்துச்சு அத்தை" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் எனக்கொரு கூட்டாளி!

ஜூன் 7, புதன்

ஒரு தெருவே திடீரென்று பின்னோக்கி நடக்கத் தொடங்கும் படம். வசனமே கிடையாது. லேபுக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் பார்த்தாளாம். நல்லா இருந்துச்சாம்.

ஜூன் 11, ஞாயிறு

வாளி நிறைவதை மூன்று மணி நேரம் காட்டும் படம். நானே இரண்டு தவணையில்தான் பார்த்து முடித்தேன். அதுவும் நல்லா இருந்துச்சாம்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பவர் பார்க்கிறேன். எந்த லென்ஸைப் போட்டாலும் நன்றாகத் தெரிகிறது என்பவர்களிடம்தான் எனக்குப் பயம். வீட்டுக்குப் போய்ப் படியில் தடுக்கி விழுவார்கள். அவர்களுக்குப் பவரே இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டு, "இப்ப?" என்று கேட்பேன். குட்டு வெளிப்பட்டுவிடும்.

புத்தி போன போக்கைப் பார். "ஒட்டகத்தின் சலூன்" என்று ஒரு பேரை எழுதி அவளிடம் நீட்டினேன். அப்படி ஒரு படமே உலகத்தில் இல்லை.

ஜூன் 14, புதன்

"கடைசியில அந்த ஒட்டகம் கடையை மூடிட்டுப் போறப்ப அழுதுட்டேன் அத்தை."

முதலில் சிரிப்புதான் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அப்படி ஒரு படமே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை அவளா, நானா?

ஜூன் 15, வியாழன்

பேசவில்லை. அவளும் பேசவில்லை.

ஜூன் 16, வெள்ளி

கடையில் ஒருவருக்கு இடக்கண் பவரை வலக்கண்ணுக்கு எழுதிவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் முறை.

மன்னிப்புக் கேட்டால் என்ன, குறைந்தா போய்விடுவேன்? வெட்கமாக இருக்கிறது. நான் பேசாததை அவள் கோபம் என்று நினைக்கிறாளோ?

ஜூன் 17, சனி

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்து ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாகிட்ட பிடிக்கலைன்னு சொன்னா நாலு நாள் பேச மாட்டாங்க அத்தை. நீங்களும் அப்படி ஆயிடுவீங்களோன்னுதான் எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னேன்."

அடிப்பாவி, நானும் அதைத்தானே மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்தேன். ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பெண்ணைச் சோதித்துப் பார்க்க நான் என்ன பரீட்சை அதிகாரியா?

"தப்பு என்னோடதும்மா. எனக்கு வெட்கமா இருந்துச்சு, அதான் பேசல" என்றேன். போர்வையைக் கீழே போட்டுவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

பிறகு கேட்டேன், எந்தப் படமாவது உண்மையிலேயே பிடித்ததா என்று. நெடுநேரம் யோசித்தாள். மீன் நன்றாக நடித்திருந்ததாம்.

ஜூன் 25, ஞாயிறு

மகன் கப்பலிலிருந்து கூப்பிட்டான். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவள் எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள். "உங்கம்மா ஊர் பேர் தெரியாத படமா காட்டி என் உயிரை எடுக்கறாங்க. நேத்துப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிட்டேன்." இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

சாயங்காலம் படம் தேர்ந்தெடுப்பது அவள் முறை. பேய்ப் படம் எடுத்து வைத்திருந்தாள். எனக்குப் பேய்ப் படம் சுத்தமாகப் பிடிக்காது, பயம் வேறு. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

"பயமா இருந்தா கையைப் பிடிச்சுக்கோங்க அத்தை" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.