வேலிக்கு அப்பால் ஓர் ஆட்சேபம்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்
மருத்துவ உதவி அட்டைப் பட்டியலைக் கிராம சேவகர் கந்தோர்ச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்க அரசாங்கம் கொடுக்கும் அட்டை. எங்கள் பெயர் இல்லை. ஒரு வள்ளம் வைத்திருப்பதால் நாங்கள் வசதிக்காரராம். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமிக்குக் கிடைத்திருக்கிறது. அவள் புருசன் பெரியசாமி அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம், தெரியும். எங்களுக்கு மட்டும் வருத்தமே வராதோ? அவர்களுக்குக் கட்டாரில் மகன் வேறு.

பெப்ரவரி 13
பட்டியலில் உள்ள யாருக்கு எதிராகவும் பதினாலு நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாமாம். எழுதினவர் பெயர் வெளியில் வராதாம். எழுதிக் கொடுத்தேன்: மகன் மாதாமாதம் காசு அனுப்புகிறார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது.

மார்ச் 20
அவர்களுடைய அட்டை வெட்டுப்பட்டுவிட்டது.

மார்ச் 28
சிவலட்சுமி வந்தாள். "மேன்முறையீடு ஒண்டு எழுதித் தாங்கோ அக்கா. உங்கட எழுத்துத்தான் வடிவு." மகன் நிறோஜனுக்குக் கம்பனி ஏழு மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லையாம். பெரியசாமி அண்ணன் மருந்துக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாராம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை. சீ, என்ன மனுசி நான்.

ஏப்ரல் 9
என்ர வீட்டுக்காரர் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்தார். வருமானம் குறைந்த எல்லாக் குடும்பத்துக்கும் அட்டை கேட்டார்களாம். வந்த அதிகாரி, "இருக்கிற பட்டியலிலயே பொய்க்காரர் கனபேர். ஆட்சேபங்களைப் பாருங்கோ" என்றாராம்.
அந்த ஆட்சேபங்களில ஒண்டு என்ர பொய். எல்லாருக்கும் குடுத்திருந்தா நான் ஏன் எழுதப்போறன்? — இல்லை. பட்டியல் ஒட்டினது அரசாங்கம். பேனை பிடிச்சது நான்.

ஏப்ரல் 11
பெரியசாமி அண்ணனை அம்புலன்சில் ஏற்றினார்கள். நான் வேலியடியில் நின்று பார்த்தேன்.

ஏப்ரல் 24
மேன்முறையீட்டு விசாரணை. சிவலட்சுமி என்னைத்தான் சாட்சிக்குக் கூட்டிப்போனாள். சொல்லிவிட்டேன். "சேர், அந்த ஆட்சேபம் நான் எழுதினது. பொய்." திரும்பி வரும்போது சிவலட்சுமி பஸ்ஸில் தள்ளிப் போய் இருந்தாள்.

மே 19
பெரியசாமி அண்ணன் எழும்பி நடக்கிறார். அட்டையும் திரும்பக் கிடைத்துவிட்டதாம். கடையில் கேள்விப்பட்டேன்.

செப்டெம்பர் 2
புதுப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. இந்தமுறை ஒரேயொரு வள்ளம் உள்ளவர்களுக்கும் கொடுக்கிறார்கள். எங்கள் பெயர் இருக்கிறது. பிரான்சிலிருந்து மச்சான் நத்தார்ப் பண்டிகைக்குக் காசு அனுப்புவதை நான் படிவத்தில் எழுதவில்லை. வருசத்துக்கு ஒருக்காத்தானே எண்டு விட்டிட்டன். சிவலட்சுமிக்கு அது தெரியும். போன நத்தாருக்கு நானே அவளிடம் பெருமையடித்தேன்.
பதினாலு நாள்.

செப்டெம்பர் 17
கந்தோரில் கேட்டேன். எங்களுக்கு எதிராக ஒருவரும் எழுதவில்லையாம். வரும்போது சிவலட்சுமி தன் வீட்டுப் படலையடியில் குப்பை கூட்டிக்கொண்டு நின்றாள். முகம் கொடுக்க முடியாமல் சைக்கிளை வேகமாக மிதித்தேன்.