அப்பா வண்டிக்கு எல்.இ.டி. விளக்கு

கீழ்க்கட்டளை
2-6-2025

தம்பி சுகுமாருக்கு,

பேபி அக்கா எழுதுகிறேன். நீயும் ஷீலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. போன தீபாவளிக்குப் பட்டது போதும். அதனால்தான் தபால்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு என்று உன் மாமா சிரித்தார். லைசென்ஸ் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக மூடி வைத்திருந்த அப்பாவின் பத்மினி காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். மேடவாக்கம் பள்ளிக்கூட ஆபீசுக்கு இப்போது அதில்தான் போய் வருகிறேன். வேலை முடிந்து கிளம்பும்போது இருட்டிவிடுகிறது.

அதனால் முன்விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எல்.இ.டி.க்கு மாற்றலாம் என்றிருக்கிறேன். குன்றத்தூர் கோயிலிலிருந்து அப்பாவை இந்த வண்டியில் அழைத்து வந்த அன்று, "லைட்ல வெளிச்சமே இல்ல, லாரி நின்னதே தெரியல" என்று போலீஸிடம் சொன்னவன் நீ. சாவு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாய். அப்படிப்பட்ட விளக்கை வைத்துக்கொண்டு நான் எப்படி ஓட்டுவது? மறைமலை நகரில் கார் விளக்கு செய்கிற கம்பெனியிலேயே வேலை பார்க்கிறாய். எந்த பல்பு நல்லது என்று இரண்டு வரி எழுதிப் போடு.

என் பெண் ரேஷ்மா, சுகுமார் மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா,
பேபி

*

இரும்புலியூர், தாம்பரம்
9-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துவிட்டேன். நீ கார் ஓட்டுகிறாய் என்றதும் ஷீலா கைதட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் விளக்கை மாற்ற வேண்டாம். பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். அந்த வண்டியின் விளக்குக் கிண்ணம் பழைய பல்புக்காகச் செய்தது. அதில் எல்.இ.டி.யைச் சொருகினால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். எதிரே வருகிறவன் கண் கூசும். இண்டிகேட்டரும் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். போலீஸ் பிடித்தால் அபராதம். அதெல்லாம் விடு, நாற்பது வருஷத்து வண்டி. அதன் முகத்தை ஏன் மாற்ற வேண்டும்?

பகலில் மட்டும் ஓட்டு. இருட்டினால் ஆட்டோவில் போ. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
சுகுமார்

*

கீழ்க்கட்டளை
16-6-2025

சுகுமாருக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். அதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வெளிச்சம் இல்லாத விளக்கால் அப்பா போனார் என்றாய். இப்போது அந்த விளக்கை நான் மாற்றப் போகிறேன் என்றால், வேண்டாம், முகம் மாறிவிடும் என்கிறாய். உனக்கு அந்த வண்டியின் முகத்தின் மேல் எப்போதிருந்து இவ்வளவு பாசம்? நான் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை என் பேருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அப்போதே எனக்குத் தோன்றியது, இவன் ஏன் இதை இப்படித் தள்ளிவிடுகிறான் என்று.

நான் மனதில் இருப்பதை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவள் இல்லை. அன்று நீ குடித்திருந்தாய் என்று அன்றைக்கே சொன்னேன். இல்லை என்று அப்பாவின் தலைமாட்டில் நின்று சத்தியம் செய்தாய். ஊர் நம்பியது, மாமா நம்பினார். நான் நம்பவில்லை என்பது உனக்கும் தெரியும்.

கேம்ப் ரோட்டில் ஜோஷ்வா என்று ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். பழைய வண்டிகள்தான் பார்ப்பார். வெளிச்சம் சிதறாதபடி, கிண்ணத்தோடு சேர்ந்த எல்.இ.டி. விளக்காகவே போடலாம் என்கிறார். இண்டிகேட்டருக்கும் வேறு ஃப்ளாஷர் மாட்டினால் சரியாகிவிடுமாம். நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. இது உனக்குத் தெரியாதா?

பேபி

*

இரும்புலியூர்
25-6-2025

அக்கா,

உனக்கு யார் சொல்லிக் கொடுத்து எழுதுகிறாய்? வக்கீல் யாரையாவது பார்த்தாயா? வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஏதாவது கண்டுபிடித்து, முடிந்துபோன கேஸை மறுபடி திறக்கப் போகிறாயா? அப்படியென்றால் நேராகச் சொல். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

இல்லை, வெறும் விளக்குதான் என்றால், இரண்டு வாரம் பொறு. லீவு போட்டு நானே வந்து மாற்றிக் கொடுக்கிறேன். வெளி ஆள் கையில் கொடுக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சுகுமார்

*

கீழ்க்கட்டளை
6-7-2025

சுகுமாருக்கு,

வக்கீல் யாரும் இல்லை. நான் மட்டும்தான். ஆனால் "வெளி ஆள் கையில் கொடுக்காதே" என்று நீ எழுதியதைப் படித்த மறுநாளே வண்டியை ஜோஷ்வாவிடம் விட்டேன்.

நேற்று முழுக்க அவர் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இடிபட்டது இடது பக்கம்தானே. அந்தப் பக்கத்து விளக்கு ரிப்பேரில் மாற்றியது. வலது பக்கத்தை விபத்துக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. ஜோஷ்வா அதைக் கழற்றுவதற்கு முன்னால் போட்டுப் பார்த்தார். எதிர்ச் சுவரில் வெள்ளையாக அடித்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், இந்த லைட்டுக்கு இன்னா கொறச்சல்? இத்த எதுக்கு மாத்துறீங்க?"

"வெளிச்சமே இல்லாமத்தான் எங்க அப்பா ஆக்சிடென்ட்ல போனார்" என்றேன்.

அவர் பானெட்டுக்குள் குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனார். பேட்டரி பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருந்தது. "ரிலே போட்டுக்கீது பாருங்க. பேட்டரியிலர்ந்து கரண்ட் நேரா லைட்டுக்குப் போவுது. ஒயரிங்கும் புச்சு. போட்டவரு தேதி எழுதி ஒட்டிக்கிறாரு" என்று காட்டினார்.

ஒன்பது, ஒன்று, இருபத்து மூன்று. அப்பாவின் பெயரும் இருந்தது: வேதாசலம் சார். ஜனவரி ஒன்பதாம் தேதி அப்பா தானே வண்டியைக் கொண்டுபோய் விளக்கைச் சரி செய்து வாங்கியிருக்கிறார். விபத்து பிப்ரவரி பன்னிரண்டு.

"அன்னிக்கு இந்த லைட்டு எரிஞ்சுகினு இருந்தா லாரி தெரியாம இருக்காது மேடம்" என்றார் ஜோஷ்வா. என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிவரப் போய்விட்டார்.

அப்பா உன் வீட்டில் இருந்தவர். அவர் விளக்கைச் சரி செய்தது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இரண்டரை வருஷமாக ஊரெல்லாம் சொன்னது பொய். இனி நான் கேட்பது ஒன்றுதான். குடித்திருந்தாயா இல்லையா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. அதோடு உனக்கும் எனக்கும் முடிந்தது. இல்லை என்றால், என்ன நடந்தது என்று எழுது.

புது விளக்கு போட்டாகிவிட்டது.

பேபி

*

இரும்புலியூர்
19-7-2025

அக்கா,

குடிக்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் செய்த சத்தியம் உண்மை. விளக்கு பற்றிச் சொன்னது பொய்.

இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். ஷீலாவுக்கு மட்டும் தெரியும். நீ எழுதியதைப் படித்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள் குடிகாரன் என்ற பெயரைச் சுமக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். ஆமாம் என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான்கு நாள் யோசித்தேன். அதோடு முடிந்தது என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னால் முடியவில்லை.

அன்று ஏழு மணி இருக்கும். பல்லாவரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. என் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. நான் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது அப்பா சிரித்தார்.

"பேபியாத்தான் இருக்கும். எடுக்கலைன்னா விடமாட்டா."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்பா" என்றேன்.

நான்காவது முறை அடித்ததும், "என்கிட்ட குடுடா, நான் பேசறேன்" என்று கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். கைமாறும்போது நழுவி அவர் காலடியில் விழுந்தது. அவர் குனிந்தார். எங்கே விழுந்தது என்று நானும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நிமிர்ந்தபோது லாரி முன்னால் இருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஃபோன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும், இல்லை ஓரம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் உன் ஃபோனை எடுக்கப் போய்த்தான் இப்படி ஆனது என்று தெரிந்தால் நீ தாங்கமாட்டாய் என்று அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தோன்றியது. போலீஸ்காரர் கேட்டபோது வாயில் வந்தது விளக்குதான். ஒருமுறை சொன்னபிறகு மாற்ற முடியவில்லை. குடித்தாயா என்று நீ கேட்டபோதெல்லாம், அதையே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

வண்டியைப் பார்க்க முடியாமல்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேறு காரணம் இல்லை.

சுகுமார்

*

கீழ்க்கட்டளை
27-7-2025, ஞாயிறு

தம்பி,

ஐந்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். மாமாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. என்ன கடிதம் என்று கேட்டார். விளக்கு விஷயம் என்றேன்.

நான் கூப்பிட்டபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். என் ஃபோனில் அந்த நான்கு அழைப்பும் நேரத்தோடு இருந்தன. நான் அதை எடுத்துப் பார்த்ததே இல்லை. உன்னைச் சந்தேகப்படுவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

நான் தாங்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். சாப்பாடு வைத்திருக்கிறேன், எங்கே வருகிறீர்கள் என்று கேட்கத்தான் அக்கா கூப்பிட்டாள் என்று நினைத்திருப்பாய். அதற்கில்லை.

என்னிடம் இருந்த அப்பாவின் ஆதார் அட்டையை அவர் முதல்நாள் வந்து வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன், சும்மாதான் என்றார். மறுநாள் நீ அவரைக் குன்றத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனாய். அன்று ஞாயிற்றுக்கிழமை, பத்திர ஆபீஸ் மூடியிருக்கும் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. கோயில் என்று சொல்லிவிட்டு, வீட்டை உன் பேருக்கு எழுதி வாங்கப் போயிருக்கிறாய் என்று மதியத்திலிருந்து பொருமிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். எடுக்காதபோது, பயந்துகொண்டு எடுக்கவில்லை என்று தோன்றியது. அதனால்தான் நான்கு முறை.

நீ உன் பொய்யைச் சொன்னாய். இது நான் மறைத்தது. ஐந்து நாளும் நான் கிழித்துப்போட்ட கடிதங்களில் இதை மட்டும் எழுதவில்லை.

தபாலில் போட மனம் வரவில்லை. நீ படிக்கும்போது நான் எங்கோ ஒளிந்துகொண்டிருப்பது போல் இருக்கும். ஆகையால் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஷீலா கையில் இதைக் கொடுக்கிறேன். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே இருக்கிறேன். நீ இதைப் படித்து முடித்துவிட்டு என்ன செய்தாலும் சரி. கதவைச் சாத்திக்கொண்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது.

ஆனால் உடனே கிளம்பிவிட மாட்டேன். கொஞ்ச நேரம் இருப்பேன்.

அக்கா