ஒரே இழுப்பில் கழலும் முடிச்சு

கல்முனைக்குடி
15.04.2012

அன்பு மகன் முஸ்தாக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சி ஸம்றாவும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், கட்டார் வெயிலில் உன் உடம்பையும் அவன் காக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன கிழமை போனில் என்னைக் கதைக்கவிடாமல் ஏசிவிட்டு வைத்தாய், புதன்கிழமை சுனாமி எச்சரிக்கை கேட்டுப் பதறி எடுத்தபோது வாப்பாதான் பேசினார், அவர் ஓம் ஓம் என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் இதை எழுதி, அங்கே வரும் சீனிமுகம்மது காக்காவின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சுல்பிகா மாமி உனக்குச் சொன்னது உண்மைதான். "உங்கட உம்மா புள்ளயப் பலகையோட கட்டி வெச்சிரிக்கா" என்றாளாம். ஓம் மகன், காலையிலும் பின்னேரமும் கட்டுகிறேன். நிறுத்தச் சொல்கிறாய், ஏன் கட்டுகிறேன் என்று கேட்கவில்லை. நாட்டில் சண்டை முடிந்த பிறகுதான் பயமில்லாமல் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக்குப் போய்வர முடிகிறது, அங்கே பிறந்ததிலிருந்து நடக்க ஏலாத இப்படியான பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் நடத்துகிற கனகேஸ்வரி டீச்சர் ஸம்றாவின் காலையும் இடுப்பையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இடுப்பிலயே வெச்சிருந்தா கால் என்னத்துக்கு வேலை செய்யும், நிக்கப் பழகாட்டி இடுப்பு எலும்பு விலகிப்போகும், மறுகா குந்தி இருக்கவும் ஏலாது, படுக்கைதான்" என்றா. நான் ஏன் இறக்கி வைக்கவில்லை என்று உனக்குத் தெரியும். சுனாமி வந்த அன்றைக்கு நடக்கத் தெரிந்த உன் தம்பி ஜெமீலின் கைதான் என் கையிலிருந்து நழுவியது, நடக்கத் தெரியாத இவள் இடுப்பில் இருந்ததால் மிஞ்சினாள். பிறகு எப்படி இறக்குவேன்?

டீச்சர் அளவெடுத்து, தச்சுவேலை செய்யும் இளையதம்பி ஓடாவியிடம் நிற்கும் பலகை ஒன்று செய்வித்துத் தந்தா. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் பட்டி, முன்னால் கை வைத்து விளையாடச் சின்ன மேசை. அது பல மாதம் நம் குசினியில் உடுப்புக் காயப்போடத்தான் உதவியது. ஒவ்வொரு முறையும் கட்டினீங்களா என்று டீச்சர் கேட்க, நானும் ஓம் என்று பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் எல்லாத் தாய்மாருக்கும் முன்னால், "கடல் வந்தா இத்தனை கொளுக்கியையும் நான் எப்ப டீச்சர் கழட்டுற" என்று கேட்டுவிட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. டீச்சரின் வீடும் கடற்கரையில்தான் இருந்தது. "கொளுக்கி வேணாம், துணியால கட்டுங்க, ஆனா கட்டுங்க" என்றா. அன்று பின்னேரம் வாப்பா தன் பழைய சாரனைக் கிழித்துப் பட்டியாக்கி, தோணி கட்டுகிற முடிச்சைப் போட்டுக் காட்டினார். எவ்வளவு இறுக்கினாலும் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு, கழன்றுவிடும். ஜெமீல் போன பிறகு கடலுக்கே போகாத மனிசன், கை மட்டும் மறக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் ஸம்றா பலகையில் நின்று தட்டில் அரிசியை அளைந்துகொண்டிருந்தாள், வாப்பா சந்தையில். பள்ளி ஒலிபெருக்கியில் எல்லோரும் ஓடச் சொன்னார்கள். மூன்று முடிச்சும் இழுத்த இழுப்பில் கழன்றன. ஆனால் அவள் இப்போது இடுப்புக்கு அடங்கும் பிள்ளையா, தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனைக்கு வரும்போதே என் கை சோர்ந்துபோனது. சீனிமுகம்மது காக்காவின் ஓட்டோ நிறையப் பிள்ளைகள், "நீங்க முதல்ல ஏறுங்க" என்று கத்துகிறார், இவளைப் பிடிக்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் இறக்கி விட்டேன், மடிந்து விழுவாள் என்றே நினைத்தேன். அவள் ஓட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் ஏறித் திரும்பி அவளைத் தூக்கும்வரை தன் காலில் நின்றாள். அவ்வளவு நேரம்தான் நின்றாள், அது போதுமாயிருந்தது. கடலுக்குத் தூரமான சம்மாந்துறை போகும்வரை அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் பலகைக்கு முன்னால் என் கை எழவில்லை மகன். இன்னொரு முறை வந்தால், இழுக்கும்போது முடிச்சுச் சிக்கினால் என்று என்னவெல்லாமோ தோன்றியது. ஸம்றாதான் துணி சுற்ற வழிவிட்டு இரண்டு கையையும் தானாகத் தூக்கினாள். கட்டினேன், இன்றைக்கும் கட்டினேன், நீ எவ்வளவு ஏசினாலும் நாளைக்கும் கட்டுவேன். எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது, முதுகு இரவில் நெருப்பாய் எரிகிறது, உன்னோடு சண்டை பிடிக்கத் தெம்பில்லை. டீச்சர் மாதாமாதம் தாய்மாரைக் கூட்டிக் கதைக்கவிடுகிறா, அங்கே போனால்தான் கொஞ்சம் மூச்சு வருகிறது. மாமிக்கு வாசனைப் போத்தல் அனுப்பு, எங்களுக்கு வேண்டாம், பிடி தடித்த கரண்டி அங்கே கிடைத்தால் ஸம்றாவுக்கு ஒன்று அனுப்பு, அவள் தானாகச் சாப்பிடப் பழகுகிறாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பொறுமையையும் தரட்டும், பொறுமையைக் கொஞ்சம் கூடுதலாகவே தரட்டும். சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. நம் ஊர் வழக்கப்படி நீ கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குத்தான் போவாய், இந்த வீடு ஸம்றாவுக்கு. அதனால் உனக்குத் தூரத்தில் பெண் பார்க்க மாட்டேன், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் பார்ப்பேன். பெருநாளைக்கு வரும்போது வாப்பாவிடம் அந்த முடிச்சைப் பழகிக்கொள். எனக்கு ஏலாமல் போகும் நாளில் கட்ட வேண்டியதும் நீதான், இழுக்க வேண்டியதும் நீதான்.

துஆவுடன்,
உன் உம்மா ஸகியா